ரஷ், பிட், பிக்: மகள் சொராரிட்டியில் சேரப்போகிறேன் என்றால் வீட்டில் எழும் கேள்விகள்

மே மாதம் ஹைஸ்கூல் பட்டமளிப்பு முடிந்ததுமே டல்லாஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பொண்ணு ஏதோ ரஷ் பண்ணப்போறேன்னு நிக்கிறா. அது என்ன, பணம் வேற கேக்குறா?" எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் தென் மாநிலம் ஒன்றில் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில், தூண் வைத்த வெள்ளை வீட்டுச் சொராரிட்டியில் இருந்தாள். சின்னவள் வேறொரு ஊரில் தெற்காசியப் பெண்களின் சொராரிட்டியில் சேர்ந்தாள். நான் தொழிலால் கணக்கர். அதனால் மற்ற அம்மாக்கள் போட்டோவைப் பார்த்தபோது நான் பில்லையும் ஒப்பந்தத்தையும் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் என் வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு.

சொராரிட்டி என்பது ஹாஸ்டலா, கிளப்பா?

இரண்டும் கொஞ்சம் உண்டு, ஆனால் இரண்டும் இல்லை. பெண்கள் மட்டும் சேரும் சங்கம். தேசிய அளவில் ஒரு தலைமை இருக்கும், ஒவ்வொரு கல்லூரியிலும் அதன் கிளை இருக்கும். கிளைக்கு 'சாப்டர்' என்று பெயர். பல இடங்களில் அந்தச் சாப்டருக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கும். உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அங்கே தங்குவார்கள், மற்றவர்கள் சாப்பிட, கூட்டம் போட வந்துபோவார்கள். வீடே இல்லாத சாப்டர்களும் நிறைய உண்டு.

ஹாஸ்டலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஹாஸ்டலில் பணம் கட்டினால் இடம். இங்கே அவர்கள் உங்கள் பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவளும் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று, கல்லூரி முடிந்தாலும் உறுப்பினர் உறுப்பினர்தான். ஆயுள் சந்தா மாதிரி.

எதற்குக் கிரேக்க எழுத்தில் பெயர்?

1776ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா என்ற சங்கம் கிரேக்க எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டது. ஆண்களின் சங்கங்கள் அதைப் பார்த்து வரிசையாக வைத்தன. பெண்களை அவற்றில் சேர்க்கவில்லை. ஜார்ஜியாவில் மேக்கன் நகரத்து வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் 1851லேயே ஒரு மாணவியர் சங்கம் தோன்றிவிட்டது, அதுதான் இன்றைய ஆல்ஃபா டெல்டா பை. 1870ல் இந்தியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டா, பெண்களுக்கென்று தொடக்கத்திலேயே கிரேக்கப் பெயருடன் வந்தது. ஆண்களின் சங்கத்துக்கு 'ஃப்ரட்டர்னிட்டி' என்று பெயர், அதனால் அப்போதெல்லாம் இவற்றுக்கு 'பெண்கள் ஃப்ரட்டர்னிட்டி' என்றுதான் பெயர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பேராசிரியர் ஒருவர், லத்தீனில் சகோதரிக்கான சொல்லை வைத்து 1882ல் 'சொராரிட்டி' என்று ஒரு வார்த்தை செய்து கொடுத்தார். அது ஒட்டிக்கொண்டது.

ஆயிரம் ஆண்கள் படிக்கும் இடத்தில் பத்துப் பெண்கள் கூடி உட்கார ஓர் அறை வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. இன்று வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். சங்கம் மட்டும் அப்படியே நிற்கிறது, வேறு காரணங்களோடு.

எல்லாச் சொராரிட்டியும் ஒரே மாதிரிதானா?

இல்லை. இது புரியாமல்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகை, 1902ல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாட்டின் கீழ் வரும் பழைய பெரிய சொராரிட்டிகள். கை ஒமேகா, டெல்டா டெல்டா டெல்டா, ஆல்ஃபா ஃபை என்று இருபதுக்கும் மேல். டிக்டாக்கில் ஒரே மாதிரி உடை போட்டு ஆடும் பெண்கள் இந்த வகை.

இரண்டாவது, கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகள் நான்கு: 1908ல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913ல் அங்கேயே டெல்டா சிக்மா தீட்டா, 1920ல் ஜீட்டா ஃபை பீட்டா, 1922ல் இண்டியானாபொலிஸில் சிக்மா காமா ரோ. டெல்டாவைத் தொடங்கிய 22 மாணவிகள், சங்கம் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாதபோது, 1913 மார்ச் 3ல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். இவர்களுடைய சங்க வாழ்க்கை பட்டம் வாங்கிய பிறகுதான் சூடுபிடிக்கும் என்பார்கள். பட்டதாரிகளுக்கென்றே தனிச் சாப்டர்கள் உண்டு.

மூன்றாவது, ஆசிய, லத்தீன், பல்லினச் சொராரிட்டிகள். நம் பெண்கள் அதிகம் போகும் தெற்காசியச் சொராரிட்டிகள் இதில் வரும். அதற்குத் தனியாக வருகிறேன்.

ரஷ் வாரத்தில் அப்படி என்னதான் நடக்கும்?

ரஷ் என்றால் ஆள் சேர்ப்பு. அதிகாரப்பூர்வமாக இப்போது 'ரெக்ரூட்மென்ட்' என்கிறார்கள். பிள்ளைகள் வாயில் இன்னும் ரஷ்தான். பெரும்பாலும் ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம். சில பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் முடிந்து ஜனவரியில் வைப்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. பெண் முதலில் நூலகம் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளட்டும்.

சேர வரும் பெண்ணுக்கு 'பி.என்.எம்.' (பொட்டன்ஷியல் நியூ மெம்பர்) என்று பெயர். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். அடுத்த சுற்று அந்த வீடு செய்யும் தொண்டு வேலை பற்றி, அடுத்தது சகோதரித்துவம் பற்றி, கடைசி 'ப்ரெஃப்', அதாவது விருப்பத்தை முடிவு செய்யும் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இவள் தன் பட்டியலைக் கொடுப்பாள், வீடுகளும் தங்கள் பட்டியலைக் கொடுக்கும். மறுநாள் காலை எந்தெந்த வீடு திரும்பக் கூப்பிட்டது என்று இவளுக்குச் சொல்வார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு வீடுதான் மிஞ்சும். பெண் பார்க்கும் படலம் மாதிரி இல்லையா என்று என் மாமியார் கேட்டார். அதேதான், ஆனால் ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி, அதுவும் நின்றுகொண்டே.

பெரியவள் சொன்னதை வைத்து ஒரு வீட்டு வாசலைக் காட்டுகிறேன். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட். நடைபாதை ஓரப் புல்லில் பைகள் வரிசையாகக் கிடக்கும். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பைக்குள் கையளவு ஃபேன், டியோடரன்ட், செருப்புக்கடிக்குப் பிளாஸ்டர், மாற்றுச் செருப்பு. கதவு திறக்கும். நிலைப்படிக்குள் கீழிருந்து மேல்வரை தலைக்கு மேல் தலையாகப் பெண்கள் அடுக்கி நின்று கைதட்டிப் பாடுவார்கள். நம் கொலுப்படி உயிர் வந்து கத்தினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு ஒருத்தி இவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் பேசுவாள். ஐந்து நிமிஷம் ஆவதற்குள் இன்னொருத்தி வந்து தோளைத் தொடுவாள், முதலாமவள் நழுவுவாள். இதற்கு 'பம்ப்' என்று பெயர். இருபது முப்பது நிமிஷத்துக்குள் நான்கு பேர் பேசிவிடுவார்கள். நழுவியவள் போய் இவளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வருவாள். அந்தச் சிரிப்பு முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒத்திகை பார்த்த சிரிப்பு. பெண்கள் ஒரு வாரம் முன்பே வந்து கதவுப் பாட்டையும் பம்ப் வரிசையையும் பயிற்சி செய்கிறார்கள்.

பாய் ஃப்ரெண்ட், மது, மதம், அரசியல், பணம் இவற்றைப் பற்றி அங்கே பேசக் கூடாது என்பது எழுதாத விதி. பேசினால் குற்றமில்லை, மதிப்பெண் குறையும்.

'பிட்' கொடுத்தார்கள் என்கிறாள். பரீட்சை பிட்டா?

நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன். இது சேரச் சொல்லி வரும் அழைப்பு. ஆனால் அழைப்புக்கு முன்னால் ஒரு கையெழுத்து இருக்கிறது, அதைப் பற்றித்தான் எந்த அம்மாவும் கேட்பதில்லை.

ப்ரெஃப் முடிந்ததும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீனியர்கள் அழுதுகொண்டே பேசியதைக் கேட்டுக் கண் கலங்கி வெளியே வரும் பெண்ணிடம், அதே மணி நேரத்துக்குள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எந்த வீடு முதல், எந்த வீடு இரண்டாவது என்று அதில் எழுத வேண்டும். எழுதிய வீடு எதிலிருந்து பிட் வந்தாலும் அவள் அதற்குக் கட்டுப்பட்டவள். வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் அடுத்த ஓர் ஆண்டுக்கு அந்தக் கல்லூரியில் மேலே சொன்ன முதல் வகைச் சொராரிட்டி வேறு எதிலும் சேர முடியாது. தீட்சை, அதாவது முழு உறுப்பினராக்கும் சடங்கு, ஆகிவிட்டால் இன்னும் இறுக்கம்: இந்தக் குழுவில் வேறு சொராரிட்டிக்கு வாழ்நாளில் மாற முடியாது, கல்லூரி மாறினாலும்.

நம் ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காத வீட்டை மரியாதைக்காக இரண்டாவதாக எழுதாதே என்று பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதே சமயம் ஒரே வீட்டை மட்டும் எழுதினால், அது வரவில்லை என்றால் கை வெறுமை. இரண்டும் எழுதுபவர்களுக்கு ஏதாவது ஒன்று கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எது வேண்டும் என்பது ஆகஸ்ட் வெயிலில் அழுகைக்கு நடுவே முடிவு செய்யும் விஷயம் அல்ல.

முதல் நாளே ஐந்து வீடு கழித்துவிட்டது. என் பெண்ணிடம் என்ன குறை?

அநேகமாக ஒன்றும் இல்லை. இது கணக்கு. எல்லோரும் கேட்கும் பிரபல வீடு எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை அதன் முந்தைய ஆண்டுகளின் புள்ளிவிவரத்தை வைத்து முடிவு செய்வார்கள். அழைத்தால் எல்லோரும் வருகிறார்கள் என்றால் அந்த வீடு கொஞ்சம் பேரைத்தான் அழைக்கலாம், மீதியை முதல் நாளே கழித்தாக வேண்டும். அதிகம் கேட்கப்படாத வீடு நிறைய அழைக்கலாம். கடைசியில் எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கும் ஒரு கோட்டா. பிரபல வீடு பெண்ணை நிராகரித்தது என்று நாம் அழும்போது, அந்த வீடு அவளோடு பேசியதே இருபது நிமிஷம்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் ஓர் ஆகஸ்டில் 2,500 பேருக்கு மேல் ரஷ்ஷில் பங்கெடுக்கிறார்கள். அங்கே முகம் ஞாபகம் இருந்தாலே பெரிய விஷயம்.

அம்மாவோ பாட்டியோ அந்தச் சொராரிட்டியில் இருந்தால் முன்னுரிமை என்ற 'லெகசி' வழக்கத்தைப் பல தேசிய அமைப்புகள் 2020, 2021 வாக்கில் கைவிட்டன. பாட்டி மயிலாப்பூரில் இருந்த நம் பெண்களுக்கு அது ஒரு பாரம் குறைந்தது. ரஷ்ஷில் ஒன்றும் கிடைக்காமல் போனாலும் கதவு முழுக்க அடைபடாது. இடம் நிரம்பாத சாப்டர்கள் வருஷம் முழுக்க ஆள் எடுக்கலாம். ஆரவாரமே இல்லாமல் ஒரு காபியோடு முடியும் அந்த வழியில் சேர்ந்த பெண்கள் பலர் நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

செலவு எவ்வளவு? நேராகச் சொல்லுங்கள்.

நேரான ஒற்றை எண் கிடையாது. சின்னக் கல்லூரியில், வீடு இல்லாத சாப்டரில் ஒரு செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் முடியும். தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டருக்கே சில ஆயிரம் டாலர் போகும். வீட்டில் தங்கினால் அறை வாடகையும் சாப்பாடும் சேர்ந்து இன்னும் ஏறும். அதை மட்டும் ஹாஸ்டல் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில ஊர்களில் குறைவாகக்கூட இருக்கும்.

பில்லை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ரஷ் பதிவுக் கட்டணம் முதலில், அது திரும்பாது. பிறகு புது உறுப்பினர் கட்டணம், தீட்சைக் கட்டணம், பேட்ஜ் விலை, தேசியத் தலைமைக்குப் போகும் தொகை, சாப்டர் சந்தா. வீட்டில் தங்காதவர்களும் வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகை கட்டுவார்கள். வார நாள் சாப்பாட்டுக்குத் தனி. இவ்வளவும் காகிதத்தில் இருக்கும்.

காகிதத்தில் இல்லாதது அடுத்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டி-ஷர்ட். பெரியவள் முதல் ஆண்டில் கொண்டுவந்த டி-ஷர்ட்டுகளை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. அவள் அப்பா இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் புல் வெட்டுகிறார். பிறகு ஃபார்மல் நடனத்துக்கு உடை, போட்டோ, 'லிட்டில்' என்று தங்கை மாதிரி ஒரு ஜூனியர் வந்தால் அவளுக்கு ஒரு வாரம் பரிசுக் கூடை. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் போடும் சாப்டர்களும் உண்டு. ஒரு தடவை சித்தப்பா கல்யாணத்துக்குப் பெரியவளை அழைத்துப்போனோம். கட்டாய நிகழ்ச்சி தவறியதற்கு அபராத நோட்டீஸ் வந்தது. கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகுதான் தள்ளுபடி ஆனது.

பிட் வரும் முன்பே ஒவ்வொரு சாப்டரின் கட்டணப் பட்டியலும் பொதுவாக ரஷ் இணையப் பக்கத்தில் இருக்கும். கேட்க வெட்கப்பட வேண்டாம். தவணை உண்டா, ஸ்காலர்ஷிப் உண்டா, பாதியில் விலகினால் மீதிச் செமஸ்டருக்குக் கட்ட வேண்டுமா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நிறம் பார்ப்பார்களா?

பார்த்தார்கள். பல சொராரிட்டிகள் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் வெளியே நிறுத்தியதால்தான் அவர்கள் தங்களுக்கென்று தனித்தனியாகத் தொடங்கினார்கள். யூதப் பெண்களை ஒதுக்கியது பொறுக்காமல் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவிகள் 1933ல் வாக்கெடுத்துத் தங்கள் சொராரிட்டிகளையே ஒழித்தார்கள். அலபாமாவில் ஆளுநர் வாலஸ் கறுப்பின மாணவர்களைத் தடுக்க வாசலில் நின்றது 1963ல். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி போட்டது: நல்ல மதிப்பெண்ணும் நல்ல குடும்பமும் உள்ள கறுப்பினப் பெண்ணை எடுக்க மாணவி உறுப்பினர்கள் தயாராக இருந்தும், பழைய உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்று. நாடே பேசியது. நிர்வாகம் இறங்கி வந்து மறுபடி பிட் கொடுக்க வைத்தது.

நம் பெண்களுக்கு இன்று வாசல் திறந்திருக்கிறது. ஆனால் எண்பது பேர் நிற்கும் போட்டோவில் ஒரே ஒரு மாநிற முகம் என்பது பல வீடுகளில் இன்னும் நிஜம். பெரியவளுக்கு மூன்றாம் வருஷம் வரை ஒரு எரிச்சல் இருந்தது: வீட்டுப் பிரசுரம் எது வந்தாலும் அட்டையில் இவள் படம். உள்ளே யாரும் தவறாக நடந்ததில்லை என்கிறாள். அட்டைக்கு மட்டும் ஞாபகம் வந்தது என்கிறாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

தெற்காசியச் சொராரிட்டி எப்படி வேறு?

1965ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்த நம் ஆட்களின் பிள்ளைகள் கல்லூரியை எட்டியது தொண்ணூறுகளில். 1998ல், ஒரே ஆண்டில், ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ என்று மூன்று தெற்காசியச் சொராரிட்டிகள் பிறந்தன. நூற்றாண்டு பழைய வீடும் தூணும் இவர்களுக்குக் கிடையாது. ஒரு சாப்டரில் பத்துப் பேர் இருபது பேர்தான். தெற்காசியர் அல்லாதவர்களும் சேரலாம்.

கதவுப் பாட்டு, பம்ப் எதுவும் இங்கே இல்லை. அறிமுகக் கூட்டங்களுக்குப் போய், விண்ணப்பம் கொடுத்து, நேர்காணல் முடிந்து எடுப்பார்கள். அந்தப் பருவம் சேரும் கூட்டத்துக்கு 'லைன்' என்று பெயர். உயரப்படி எண், ஆளுக்கொரு லைன் பெயர். சங்க வரலாறு, தொடங்கியவர்கள் பெயர், கிரேக்க எழுத்துகள் எல்லாம் மனப்பாடம். கடைசியில் 'ப்ரோபேட்' அன்று முகமூடியோடு வரிசையாக வந்து, ஒரே குரலில் சொல்லி, ஒரே தாளத்தில் கால் தட்டி, ஒவ்வொருத்தியாக முகத்தைக் காட்டுவார்கள். இந்த லைன், ப்ரோபேட், ஸ்ட்ரோல் நடனம் எல்லாம் கறுப்பினச் சொராரிட்டிகளிடமிருந்து வந்தவை. அதை நம் பிள்ளைகள் தெரிந்தும் மரியாதையோடும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

சின்னவள் லைனில் ஐந்து பேர். குஜராத்தி, தெலுங்கு, வங்காளதேசம், மலையாளம், இவள். ஐந்து பேரும் சேர்ந்தால் பேச்சு ஆங்கிலம், சண்டை பிரியாணி பற்றி. சந்தா பெரியவளுடையதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் வேலை பத்து மடங்கு. பத்துப் பேர் சங்கத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பொறுப்பாளர். ஒளிய இடம் இல்லை.

ராகிங் இருக்குமா?

இருக்கக் கூடாது, சில இடங்களில் இருக்கிறது. அங்கே அதற்கு 'ஹேஸிங்' என்று பெயர். நம் ஊர் ராகிங்கோடு ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ராகிங் என்பது கல்லூரிக்கு வந்த பாவத்துக்குக் கிடைப்பது, மாட்டிக்கொண்டவன் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஹேஸிங் என்பது சேருவதற்கான விலை என்று சொல்லி வாங்கப்படுவது. அதனால் பெண் அதை மறைப்பாள், தனக்குத் தானே நியாயம் சொல்வாள். சொராரிட்டியில் அது எப்போதும் அடி, குடி என்றே வராது. ராத்திரி தூங்க விடாமல் மனப்பாடம் சொல்ல வைப்பது, யாரோடும் பேசக் கூடாது என்பது, சீனியருக்கு டிரைவர் வேலை, உடம்பைக் கேலி செய்வது என்று வரும்.

பெரும்பாலான மாநிலங்களில் இது குற்றம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, ஹேஸிங்கில் பிடிபட்ட சங்கங்களின் பட்டியலைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். பிட் வாங்கும் முன் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். போனில் பெண்ணின் குரலையும் கேளுங்கள். சின்னவளின் லைன் பருவத்தில் பத்து நாள் அவள் போனை எடுக்கவில்லை. நானே காரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மிட்-டெர்ம் பரீட்சையாம். அசடு வழிந்தாலும் பரவாயில்லை, போய் நில்லுங்கள்.

பார்ட்டி, குடி?

அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம்: பான்ஹெலனிக் சொராரிட்டி வீடுகளுக்குள் மது கூடாது, அது அவர்களே போட்ட விதி. அதிகம் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தால் அது விபசார விடுதி ஆகிவிடும் என்று பழைய சட்டம் இருப்பதாக ஒரு கதை எல்லாக் கல்லூரியிலும் சுற்றுகிறது. அது வெறும் கதை.

ஆனால் இந்த நல்ல விதியின் விளைவைப் பாருங்கள். வீட்டில் மது இல்லாததால் பார்ட்டி ஆண்களின் ஃப்ரட்டர்னிட்டி வீட்டில் நடக்கிறது. கதவு அவர்களுடையது, பானம் அவர்கள் ஊற்றுவது, அறைச் சாவி அவர்களிடம். ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான். நல்ல சாப்டர்களில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் குடிக்காமல் கண்காணிக்கும் சீனியர்கள் முறைபோட்டு வருவார்கள். "உங்கள் சாப்டரில் அன்று யார் குடிக்க மாட்டார்கள், எத்தனை பேர்?" என்று ரஷ்ஷில் கேட்கச் சொல்லுங்கள். பதில் உடனே வந்தால் நல்ல வீடு.

படிப்பு கெடுமா?

முதல் செமஸ்டரில் நேரம் போகும், மறுக்கவில்லை. வாரம் ஒரு கூட்டம், பெரும்பாலும் திங்கள் மாலை. அதோடு தொண்டு நிகழ்ச்சி, புது உறுப்பினர் வகுப்பு. மறுபக்கம், 2.5க்கும் 3.0க்கும் நடுவே ஒரு குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கேட்பார்கள், குறைந்தால் நிகழ்ச்சிகளுக்கு விடமாட்டார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பழைய நோட்ஸ் கிடைக்கும். பெரியவளுக்கு அந்த நோட்ஸும், 'பிக்' என்று அமைந்த சீனியர் பெண்ணும்தான் லாபம். பிக் என்றால் புதிதாக வந்தவளுக்கு அக்கா மாதிரி. பிக்கின் பிக் 'கிராண்ட்பிக்'. வம்சாவளியே போட்டு வைத்திருக்கிறார்கள்.

எஃப்-1 (மாணவர்) விசாவில் வரும் பெண் சேரலாமா?

சேரலாம், விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வெளியே வேலை செய்து சந்தா கட்டலாம் என்று எண்ண வேண்டாம், அது விசா விதி.

தீட்சை, ரகசியம் என்கிறாள். மதச் சடங்கா?

ரகசியச் சடங்கு உண்டு. வெள்ளை உடை, மெழுகுவத்தி, உறுதிமொழி. பழைய சொராரிட்டிகளின் சடங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சாயல் இருக்கலாம். உறுதிமொழியில் மனசுக்கு ஒவ்வாதது உண்டா என்று முன்பே கேட்கலாம். என் பெண்கள் இருவரும் உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. வீட்டு வைஃபை பாஸ்வேர்டை ஊர் முழுக்கச் சொன்ன பிள்ளைகள்.

பிற்காலத்தில் இதனால் பயன் உண்டா?

இடத்தைப் பொறுத்தது. உச்சக்கட்ட உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துக்காரர் பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், 1986ல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். 2020ல் அவர் துணை அதிபர் வேட்பாளர் ஆனதும் கட்சிக்கு 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரமான தொகையில் நன்கொடைகள் வந்து குவிந்தன. 1908 என்ற தொடக்க ஆண்டுதான் அந்தத் தொகை. மொய்ப்பணத்தில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் நமக்கு இந்தக் கையெழுத்து புரியும். சாதாரண வாழ்க்கையில் இவ்வளவு இல்லை. புது ஊரில் வாடகை வீடு பார்க்க, ரெஸ்யூமே கைமாற்ற ஒரு வாட்ஸ்அப் குழு. பெரியவளுக்கு முதல் வேலை அவளாகத் தேடியது, முதல் ரூம்மேட் சொராரிட்டி கொடுத்தது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பெரிய வீடுகளில் சமையல்காரர் உண்டு, வார நாளில் மதியமும் இரவும். சொல்லி வைத்தால் சைவம் தனியாக வைப்பார்கள். வகுப்பு முடிந்து தாமதமாக வருபவளுக்குப் பெயர் எழுதி மூடி வைக்கும் 'லேட் பிளேட்' என்று ஒன்று உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சனி ஞாயிறு சமையலறை பூட்டு. பருப்புப்பொடியும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் கொடுத்து அனுப்பலாம் என்று நினைப்பீர்கள். அறையில் ரைஸ் குக்கர் அனுமதி இல்லை, நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பொடி மட்டும் அனுப்புங்கள்.

பிடிக்கவில்லை என்றால் வெளியேறலாமா?

தாராளமாக. தீட்சைக்கு முன் என்றால் சொல்லிவிட்டு வரலாம். பிறகு என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் அறை எடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம் தனி, சொராரிட்டியை விட்டாலும் வாடகை விடாது. கட்டிய பணம் திரும்ப வராது. பல சொராரிட்டிகளில் பேட்ஜும் நாம் காசு கொடுத்து வாங்கியதே ஆனாலும் தேசியத் தலைமையின் சொத்து, விலகும்போது திருப்பித் தர வேண்டும். டி-ஷர்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள்.